கணையத்துக்குக் காத்திருக்கத் தெரியாது

கல்யாண வீடுகளில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஓரமாகத் தனிப் பந்தி போடும் வழக்கம் ஒழிந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோதுமை உப்புமாவையும் பாகற்காய்ப் பொரியலையும் பரிதாபப் பார்வையோடு வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் இப்போது நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். இலையில் இனிப்பு மட்டும் இருபத்தொரு வகை. அதில் ஒன்று குறைந்தாலும் கஞ்சக் குடும்பம் என்று பெயர் வந்துவிடும். கோயம்புத்தூரில் ஐம்பது வயதைத் தாண்டியும் உடம்புக்குள் அரிசி வைக்காத ஒருவரைப் பார்த்தால், வசதி இல்லை போலிருக்கிறது என்று ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அரிசி என்பது ஜனங்கள் வைத்த பெயர். அமுதகணை நிறுவனம் வைத்த பெயர் கணைய முன்னியக்கி. ஒரு சீரகச் சம்பா மணியளவுதான் இருக்கும். வயிற்றில் இரண்டு துளை போட்டு, இரைப்பைக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் கணையத்தின் தலைப்பக்கத்தில், ஒரு நரம்பு முடிச்சின் மேல் அதை உட்கார வைத்துவிடுவார்கள். இருபது நிமிட வேலை. காலையில் வைத்துக்கொண்டால் மாலையில் வீட்டுக்குப் போய் அதிரசம் தின்னலாம்.

கணையத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகாரத்தைக் கண் பார்த்ததும், மூக்கு முகர்ந்ததும், வாயில் போடுவதற்கு முன்பே மூளை நரம்பு வழியாக அதற்குச் சேதி அனுப்பும். வருகிறது, தயாராக இரு என்று. கணையமும் கொஞ்சம் இன்சுலினை முன்கூட்டியே சுரந்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை நோய் வந்த உடம்பில் இந்தச் சேதி வெறும் முணுமுணுப்பாகிப் போகிறது. அரிசி அந்த முணுமுணுப்பை நாற்பது மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தது. ஜாங்கிரியைப் பார்த்த மாத்திரத்தில் இன்சுலின் கொட்டும். பின்னாலேயே ஜாங்கிரி உள்ளே போகும். வந்த சர்க்கரைக்கும் வந்த மருந்துக்கும் சரியாகப் போய்விடும். உணவைக் குறை, நடந்து போ, அளவோடு இரு என்று மருத்துவர்கள் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு அரிசிமணி பொய்யாக்கிவிட்டது. அறிவியலிடம் இந்த ஊர் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்த நரம்பு முடிச்சைக் கண்டுபிடித்தவர் அங்கயற்கண்ணி. திசுவியல் மருத்துவர், வயது ஐம்பத்திரண்டு. கணையம் ஒரு பொல்லாத உறுப்பு. உயிர் போன நிமிடத்திலிருந்து தன்னுடைய செரிமானச் சாற்றாலேயே தன்னைக் கரைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஆகவே அவர் தன் இளமை முழுவதையும் பிணவறை வாசல்களில் ஐஸ் பெட்டியும் கையுமாகக் கழித்தார். கிடைத்ததை மெழுகில் பதிப்பார். மயிரிழையைவிடப் பத்து மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவுவார். வெள்ளி உப்பில் ஊற வைப்பார். வெள்ளி நரம்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் பழுப்புத் தரையில் நரம்புகள் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

இன்சுலின் சுரக்கும் செல்கள் கணையத்துக்குள் குட்டிக் குட்டித் தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தீவுக்கும் ரத்தக் குழாயை ஒட்டியபடியே ஒரு நரம்பிழை வருகிறது. வந்து தீவைச் சுற்றி ஒரு வலையைப் பின்னுகிறது. அந்த இழைகளைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் சின்னச் சின்ன முடிச்சுகளில் போய் முடியும். அந்த முடிச்சுகளில் ஒன்று மற்ற அத்தனைக்கும் தலைமை என்று அவர் கண்டுபிடித்தார். பதினோரு வருட உழைப்பு. பத்திரிகைகள் அதை இரண்டு வரியில் போட்டன. அமுதகணை நிறுவனம் அவரை முதன்மை ஆய்வாளராக எடுத்துக்கொண்டு, நாலு வருடத்தில் அரிசியைச் செய்து முடித்தது.

அரிசி வைத்துக்கொண்ட ஏழாவது மனிதர் அவருடைய கணவர் தெய்வசிகாமணி. பம்பு செட்டு வியாபாரத்திலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் இந்த மனிதர் காலி மைசூர்பாகு டப்பாவின் எண்ணெய்த் தாளை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்ததை அங்கயற்கண்ணி பார்த்துவிட்டார். மறுநாளே பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார். அன்றிலிருந்து தெய்வசிகாமணிக்கு வாழ்க்கையில் செய்ய வேண்டிய காரியம் வேறு இல்லாமல் போயிற்று. சட்டைப்பையின் மேல் 7 என்ற எண் பொறித்த தங்க முலாம் வில்லையைக் குத்திக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போய் உட்காருவார். தேசத்துக்காகக் குண்டடி பட்டவர்கள்கூட அவ்வளவு பெருமையாக மார்பைக் காட்டியிருக்க மாட்டார்கள். அங்கயற்கண்ணிக்கு அவரைப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தினமும் காலையில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் காப்பியை வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் அவர்.

ஒன்பதாம் வருடத்தில் அரிசி வைத்தவர்களின் உடல்தானங்கள் வர ஆரம்பித்தன. சாலை விபத்து, மின்சாரம், கிணற்றில் விழுந்தது என்று ஆறு பேர். ஆறு கணையங்களையும் அங்கயற்கண்ணி சீவிப் பார்த்தார். அரிசி வைத்து ஒரு வருடமான கணையத்தில் தீவைச் சுற்றி எப்போதும் போல முப்பது இழை. மூன்று வருடமானதில் எண்பது. எட்டு வருடமானதில் எண்ணவே முடியவில்லை. தேங்காயைச் சுற்றி நார் அப்பியிருப்பது போலத் தீவு வெளியே தெரியாமல் மூடிக் கிடந்தது. நரம்பு எங்கே அதிகமாகச் சத்தம் கேட்கிறதோ அங்கே புதுக்கிளை விடும். எட்டு வருடமாக நாற்பது மடங்குச் சத்தத்தைக் கேட்ட நரம்பு குத்துமதிப்பாக எட்டு மடங்காகக் கிளைத்திருந்தது. பழைய அரிசி இப்போது நாற்பது மடங்கல்ல, முந்நூறு மடங்குக்கு மேல்.

பார்த்ததும் சாப்பிட்டுவிட்டால் இதனால் ஒன்றும் இல்லை. கொட்டுகிற இன்சுலினுக்கு எதிரே இருபத்தொரு இனிப்பு வந்து விழுந்துவிடும். பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால்? அங்கயற்கண்ணி பழைய சோதனைக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினார். நானூறு பேர். நானூறு பேருக்கும் தட்டின் மூடியைத் திறந்ததும் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மிக அதிகமாகக் காத்திருந்தவர் இருபது வினாடி, அதுவும் மூக்குக்கண்ணாடியைத் தேடியதால். சோதனையை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். சோதனைக்கூடத்தில் சம்பந்தி வீட்டார் கிடையாது, மாலை மாற்றுகிற படம் எடுக்கிறவன் கிடையாது, பெரிய மனிதர் யாரும் வரவேண்டியதில்லை. பசித்தவன் முன்னால் தட்டை வைத்தால் அவன் தின்பான் என்று அந்த ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். அத்தனை பேரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு வருட அரிசி வைத்தவர் முழு இலையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு பத்து நிமிடம் தாங்கும். பன்னிரண்டில் புத்தி மங்கும். பதினைந்தில் இதயம்.

தெய்வசிகாமணியின் அரிசிக்கு எட்டு வருடம் எட்டு மாதம்.

நிறுவனத் தலைவர் சென்னியப்பனிடம் அவர் மூன்று முறை போனார். அரிசியின் வேகத்தைக் குறைப்பது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். ஆனால் அந்தப் பொத்தான் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வேலை செய்யாது. ஒரே ஒரு அரிசியைக் குறைத்தாலும் ஏன் குறைத்தோம் என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அரிசி வைத்த மூன்று லட்சம் பேருக்கும் கடிதம் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே சென்னியப்பன் முதல் முறை கோயிலுக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் முறை சீவல்களின் படங்களைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். சென்னியப்பன் வயிற்றில் அரிசி கிடையாது. அவர் மூன்று வேளையும் களியும் கீரையும் சாப்பிடுகிறவர்.

"நல்லா இருக்குதுங் டாக்டரம்மா. மரம் மாதிரி. அடுத்த வருசக் காலண்டருக்குப் போட்றலாம்" என்றார்.

அங்கயற்கண்ணி பத்து நிமிடத்தையும் பதினைந்து நிமிடத்தையும் எடுத்துச் சொன்னார். சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டார். எதையும் செய்யப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு வருகிற பொறுமை அது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு வியாழக்கிழமை கல்யாணம். உங்க ஊட்டுக்காரரக் கூட்டிட்டு வந்து பந்தில ஒக்காருங்க. சாப்டு முடிச்சதும், அவரு அரிசிக்கு மட்டும் நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். வெளிய தெரிய வேண்டாம். மத்ததெல்லாம் பொறகு பாத்துக்கலாம்."

மூன்று லட்சம் பேருக்காக உள்ளே போனவர் ஒருவருக்கான வாக்குறுதியோடு வெளியே வந்தார். படியிறங்கும்போது அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. அதற்காக அவரை அப்போது யாரும் திட்டவில்லை. திட்டத் தகுதியுள்ள ஆளும் அந்தக் கட்டிடத்தில் இல்லை.

வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் அறுநூறு இலை. சென்னியப்பன் வீட்டு வழக்கம் ஊருக்கே தெரியும். இலை போட்டு, இருபத்தொரு இனிப்பும் வைத்து, சோறு போட்டுப் பருப்பும் நெய்யும் விட்ட பிறகும் யாரும் கை வைக்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவர் வந்து, இலை இலையாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் விசாரித்து, பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கை வைத்தவன் பஞ்சத்தில் அடிபட்டவன். நாலு தலைமுறையாக யாரும் அப்படிக் கை வைத்ததில்லை என்று அந்த வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பத்தில் வேறு சாதனையும் இல்லை.

முதல் வரிசை மூத்த அரிசிக்காரர்களுக்கு. ஒன்று முதல் நூறு வரை எண் போட்ட வில்லைக்காரர்களில் உயிரோடு இருந்த எண்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். யார் முதலில் சாகக் கூடுமோ அவர்களைத் தேடிப் பிடித்து முதல் வரிசையில், முதலில் பரிமாறி, உட்கார வைத்திருந்தார்கள். மரியாதை என்று இதற்குப் பெயர்.

தெய்வசிகாமணி ஏழாவது இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அங்கயற்கண்ணி. இலையில் கை வைக்கிற வரைக்குமாவது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மூக்கில் கைக்குட்டையை வையுங்கள் என்று காரில் வரும்போதே அவர் சொல்லியிருந்தார். பொணம் மாதிரி ஒக்காரச் சொல்றியா என்று கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் கண்ணாடியில் வில்லையைச் சரிபார்த்துக்கொண்டார். சென்னியப்பன் அஞ்சு நிமிடத்தில் வந்துவிடுவார், எந்தக் கல்யாணத்திலும் அஞ்சு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை என்று அங்கயற்கண்ணியும் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சென்னியப்பன் வரவில்லை. மண்டப வாசலில் ஓர் அமைச்சர் வந்து இறங்கியிருந்தார். பறக்கும் கேமரா அவரையும் மணமக்களையும் சுற்றிப் படமெடுத்தது. சுற்றி முடித்ததும் மணப்பெண்ணின் மாலை சரிந்திருந்தது தெரிந்து, அமைச்சரை மறுபடி காரில் ஏறி மறுபடி இறங்கச் சொன்னார்கள். அவரும் சந்தோஷமாக ஏறி இறங்கினார்.

ஆறாவது நிமிடம் முதல் வரிசையில் மணிக்கட்டுகள் அதிர ஆரம்பித்தன. அரிசி வைத்தவர்கள் எல்லாரும் மணிக்கட்டில் ஒரு சர்க்கரைகாட்டி கட்டியிருப்பார்கள். சர்க்கரை இறங்கினால் அது ரீங்காரமிடும். நாலு பேர் மத்தியில் அது சத்தம் போடுவது அநாகரிகம் என்பது அந்தக் காலத்து நாகரிகம். வயிறு உறுமுவது மாதிரி. எண்பத்தாறு பேரும் கைக்குட்டையை எடுத்து மணிக்கட்டின் மேல் போட்டுக்கொண்டார்கள். சிலர் பட்டுக்கரை போட்ட கைக்குட்டையை இதற்கென்றே வைத்திருந்தார்கள். கடைகளில் அரிசிக் கைக்குட்டை என்று கேட்டால் கிடைக்கும்.

ஒன்பதாவது நிமிடம் தெய்வசிகாமணியின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. அங்கயற்கண்ணி அவர் காதருகே சாய்ந்து, ஒரே ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் கேட்காதவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசைக்காரர்களும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தாறு பேர் வியர்த்துக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு, பேரெடுப்பதற்காக எதிரே இருந்த பலகாரத்தைப் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து இலைக்காரர் கை வைக்கிறாரா என்று மட்டும் ஓரக்கண்ணால் கவனித்தார்கள்.

முதலில் வாய் திறந்தது சாம்பார் வாளியோடு வந்த பரிமாறுகிற பெண். அவளுக்கு அரிசி கிடையாது, வைக்க வசதியும் கிடையாது.

"ஏனுங்கம்மா, ஐயாவுக்கு மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. எதாச்சும் ஒரு வாய் எடுத்துக் குடுங்க" என்றாள்.

பதினோராவது நிமிடம். அங்கயற்கண்ணி ஜாங்கிரியைப் பிய்த்துக் கணவரின் வாயருகே கொண்டுபோனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கு லேசாகக் குழறியது. "மானத்த வாங்காத புள்ள. அவரு வந்துருவாரு."

அப்போது அவர் வந்தார். கூடத்தின் மறுகோடியில் சென்னியப்பன் பட்டுச் சட்டையோடு உள்ளே நுழைந்தார். வரிசையைப் பார்த்தார். ஜாங்கிரியைப் பிடித்தபடி உயர்ந்திருந்த அங்கயற்கண்ணியின் கையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே உள்ளங்கையைக் காட்டினார். இருங்க, வந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தக் கைதான் சாப்பாடு முடிந்ததும் கையெழுத்துப் போடப் போகிற கை.

அங்கயற்கண்ணி ஜாங்கிரியை இலையில் வைத்தார்.

சென்னியப்பன் எண்பத்தாறாம் இலையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு இலையின் முன்னும் நின்று, ஊரில் மழை உண்டா, பேரன் படிக்கிறானா என்று விசாரித்தார். வியர்வையில் நனைந்த முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் நல்லபடிங்க என்று பதில் சொல்லின. நாற்பதாம் இலைக்காரர் மழையைப் பற்றிக் கேட்டதற்குத் தன் செத்துப்போன அண்ணன் பெயரைச் சொன்னார். சென்னியப்பன் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அங்கயற்கண்ணி கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை இலை என்று எண்ணினார். முப்பது. இருபத்திரண்டு. பதினாறு.

பன்னிரண்டாம் இலைக்கு வந்தபோது தெய்வசிகாமணி குனிந்தார். வணக்கம் சொல்லத்தான் குனிகிறார் என்று சென்னியப்பன் பதிலுக்குக் கை கூப்பினார். நெற்றி இருபத்தொரு இனிப்பின் நடுவே போய்ப் படிந்தது. பிறகு மூன்றாம் இலை, பத்தொன்பதாம் இலை, நாற்பதாம் இலை. வரிசை முழுக்க ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். அப்போதும் இரண்டாம் வரிசையில் யாரும் இலையில் கை வைக்கவில்லை. சமையல்காரர்கள்தான் பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பெரிய மனிதர்களைப் புரட்டிப் போட்டு, ஈறில் பாயசத்தைத் தேய்த்தார்கள். பலர் பிழைத்தது அப்படித்தான். அங்கயற்கண்ணியும் கணவரின் கன்னத்துக்குள் விரலால் சர்க்கரைப் பாகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உயிருள்ள மனிதரின் உடம்பில் வைத்தியத்துக்காக அவர் கைவைத்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய கைக்குப் பழகிய விஷயம் வேறு. அது நிகழ்ந்துவிட்டது என்பதை அந்தக் கைதான் முதலில் கண்டுகொண்டது.

செத்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர்.

மூன்று மாதம் கழித்து விசாரணை ஆணையம் ஓர் அரசு விடுதியின் கூடத்தில் கூடியது. தலைமை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அமைச்சர் வந்ததால் தாமதம் என்று சென்னியப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். மாலை சரிந்ததால் தாமதம் என்று அமைச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். பறக்கும் கேமராவை ஓட்டியவன் சிறையில் இருந்தான். இனி அரிசிப் பெட்டியின் மேல், உணவைப் பார்த்த இரண்டு நிமிடத்துக்குள் உண்ணவும் என்று அச்சடிப்பது என நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த எழுத்தைப் படிக்க அங்கயற்கண்ணியின் நுண்ணோக்கி தேவைப்படும். சாவுச் செய்தி வந்த வாரத்தில் கொஞ்சம் படுத்த விற்பனை மறுவாரமே எழுந்துகொண்டது. செத்தவர்கள் காத்திருந்ததால்தானே செத்தார்கள், நாம் அவ்வளவு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கா போகப் போகிறோம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் வரிசையைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லார் குரலிலும் ஒரு மரியாதை வந்தது. செத்தாலும் கை வைக்கவில்லை பாருங்கள் என்றார்கள்.

அங்கயற்கண்ணி எதையும் மறைக்கவில்லை. ஆறு கணையங்களின் சீவல்களையும் மேசையில் வைத்தார். நரம்பு எப்படிக் கிளைத்தது, பத்து நிமிடம் என்றால் என்ன, பதினைந்து என்றால் என்ன என்று விளக்கினார். தான் மூன்று லட்சம் பேருக்காகப் போய் ஒரு கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டதையும் சொன்னார். சென்னியப்பனின் வழக்கறிஞர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உலகத்துலயே இது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. ஜாங்கிரி உங்க கையில இருந்திருக்குது. வாய் அரை அடி தூரத்துல. ஏன் வெச்சுட்டீங்க?"

மூன்று மாதமாக அங்கயற்கண்ணி தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. கையெழுத்துக்காக என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னது. ஆனாலும் சொன்னார்.

"அவரு இன்னும் ஒக்காரலைங்க."

நீதிபதி தலையசைத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களும் தலையசைத்தார்கள். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். இவ்வளவு நேரம் நரம்பு, முடிச்சு, இழை என்று அவர் சொன்னதில் ஒன்றும் விளங்காத முகங்கள், இந்த ஒரு பதில் மட்டும் முழுசாக விளங்கிவிட்டதில் நிம்மதியடைந்தன. நியாயமான பதில். வேறு கேள்வி இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஆணையம் எழுந்தது. பக்கத்து அறையில் நீளமான மேசை. விடுதிக்காரர்கள் நீதிபதி வருகிறார் என்று ஏழு இனிப்பு வைத்திருந்தார்கள். நீதிபதி, உறுப்பினர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தர், நிறுவனத்தின் ஆட்கள் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அங்கயற்கண்ணிக்கும் கடைசியில் ஓர் இடம் கொடுத்தார்கள். இலை நிறைந்தது. நெய் விட்டாயிற்று. நீதிபதிக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, மருமகனின் இடமாற்றத்தைப் பற்றி யாரிடமோ விவரமாகப் பேச ஆரம்பித்தார்.

அங்கயற்கண்ணி மேசையைப் பார்த்தார். எழுத்தரின் மார்பில் 212 என்ற வில்லை இருந்தது. மூத்த உறுப்பினரிடம் 158. எட்டு வருட அரிசிகள். இரண்டு நிமிடம் போயிற்று. ஆறு நிமிடம் போயிற்று. மேசையடியில் முதல் ரீங்காரம் கேட்டது.

அங்கயற்கண்ணி கையை நீட்டி, இலையிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் எடுத்தார். "சாப்பிடுங்க, தயவு பண்ணிச் சாப்பிடுங்க" என்றார்.

பதினோரு தலைகள் திரும்பின. அங்கயற்கண்ணி இந்தப் பார்வையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சென்னியப்பனைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எழுத்தர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"புருசன் போயி மூணு மாசந்தான் ஆச்சுங்க. இனிப்பப் பாத்ததும் கை எப்படி நீளுது பாருங்க."

சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து பட்டுக்கரை போட்ட கைக்குட்டையை எடுத்து மணிக்கட்டின் மேல் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் நீதிபதி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு பேரும் இலையைப் பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.